கடைசி வண்டி வரும்வரை

மழையில் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் ஒரு யோசனை சொல்வதுண்டு. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரை இரண்டு பக்கமும் தடவி, கழுவாமல் மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் ஆவி படியாது. நீங்களும் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். உங்களுடையது இடது காதுப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. என் கடையாக இருந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிடுவேன்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். அவசரமில்லை என்று நீங்களே சொன்னதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நாங்கள் மூன்று பேர்தான். நான், ரொட்டிக்கடைக்காரன், பல் டாக்டர். மூவரும் ஒரே பள்ளி. ரொட்டிக்கடைக்காரனும் நானும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பதினொரு வருடமாக, ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். பெரிய சாலையில் ஏறமாட்டோம். மலைப்பாதை, ஏரிக்கரை, பஸ் போகாத ஊர்கள் என்று சுற்றுவோம். வழி கண்டுபிடிப்பது என் வேலை. லென்ஸ் வருகிற காகித உறைகளைப் பிரித்து, அதன் உட்புறத்தில் ஒரு நாளைக்கு ஒரு படம் வரைவேன். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எந்தப் பாலம் குறுகல், எந்த வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும், எல்லாம் அதில் இருக்கும். முன்னால் போகிற முதல் வண்டியும் என்னுடையதுதான். யாரும் கூடிப் பேசி எனக்குக் கொடுத்ததில்லை. வீட்டில் அப்பா உட்காரும் நாற்காலி மாதிரி, அது என் இடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான்காவதாக என் தங்கையின் கணவரைக் கூட்டிவந்தது நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்டைச் சரிசெய்தால் தானே அதில் ஏறி எல்லா மாடிக்கும் ஒருதரம் போய்வந்த பிறகுதான் சாமான் பெட்டியை மூடுவார். குரல் உயர்த்தமாட்டார், பெருமையடிக்கமாட்டார். அவரை வெறுக்க ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். மூன்று வருடம் தேடினேன், கிடைக்கவில்லை.

முதல் வருடம் பல் டாக்டரின் வண்டிச் சங்கிலி நடுவழியில் அறுந்தது. தங்கை கணவர் இருபது நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். இரண்டாவது வருடம் ஒரு பிரிவில் நின்றபோது ரொட்டிக்கடைக்காரன், "மாப்ளே, எந்தப் பக்கம் போலாம்?" என்று அவரைக் கேட்டான். நான் கையில் படத்தோடு பக்கத்தில்தான் நின்றேன். அவர் எனக்கு மாப்பிள்ளை. இவர்களுக்கு எப்படி மாப்பிள்ளை ஆனார் என்று நான் கேட்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காமல் கேளுங்கள். ரொட்டிக்கடைக்காரன் எங்கே போனாலும் முதல் நாளுக்குத் தன் கடை ரொட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவான். அதன் முனைத்துண்டு, மொறுமொறுவென்று இருக்குமே, அதைப் பிய்த்து எனக்குத் தருவான். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படித்தான். இந்த வருடம் அதை அவருக்குக் கொடுத்தான். கொடுத்தவன் கவனிக்கவில்லை, வாங்கியவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய வாரமே ரொட்டிக்கடைக்காரன் என்னிடம் சொல்லியிருந்தான். "டேய், இந்தத் தடவை மாப்ளே முன்னாடி போகட்டும்டா. நீ கடைசில வா. கடைசி வண்டிதாண்டா பொறுப்பான வேலை." ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிய கதை. நான் சரி என்றேன்.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே போகமாட்டா, இடைவெளி விழும். அதனால் வழி பிரியும் இடம் வந்தால் இரண்டாவது வண்டி அங்கே நின்றுவிட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குக் கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். அவரைக் கைகாட்டி என்போம். கடைசி வண்டி வந்து சேரும்வரை கைகாட்டி நகரக்கூடாது. நகர்ந்தால் பின்னால் வருகிறவன் தவறான பாதையில் போய்விடுவான். மலையில் போனில் சிக்னலும் இருக்காது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான். மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். "வானமே இடிஞ்சு விழுந்தாலும் கடைசி ஆளு வராம நகரக்கூடாது மாப்ளே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலை. தங்கியிருந்த விடுதி வாசலில் நான் வண்டி இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், இன்னைக்கு நீங்க முன்னாடி போங்க. எனக்கு இந்த ரோடெல்லாம் தெரியாது."

அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார். என் இடத்தை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், அதை எனக்கே தானமாகக் கொடுக்க வந்திருக்கிறார். "வேணாம் மாப்ளே, கடைசிதான் எனக்குச் சவுகரியம்" என்றேன். அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்க தங்கச்சி நேத்து போன்ல ரெண்டு தரம் சொல்லிட்டா. 'அண்ணனுக்கு வயசாகுது, பத்திரமா பாத்துக்கோங்க'ன்னு." நல்ல மனதோடுதான் சொன்னார். என் தங்கைக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் நான். ரோட்டைக் கடக்கக் கை பிடித்தவன் நான். இப்போது என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறாள்.

எனக்குப் பொறாமை. அந்த வார்த்தையைத் தொட உங்களுக்குக் கூச்சமாக இருப்பது தெரிகிறது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வயிறு எரிந்தது.

மாப்பிள்ளையும் முன்னால் போகமாட்டேன் என்றதால் அன்று ரொட்டிக்கடைக்காரன் முன்னால் போனான். இரண்டாவது மாப்பிள்ளை, மூன்றாவது பல் டாக்டர். மலையின் முக்கால் உயரத்தில் பாதை பிரிகிறது. இடப்பக்கம் இறங்கினால் ஏரியை ஒட்டிய சிற்றூர், மதியச் சாப்பாடு அங்கேதான். வலப்பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி. பிரிவில் மாப்பிள்ளை நிற்க வேண்டும். மழை ஆரம்பித்ததால் நான் கண்ணாடியைத் துடைக்கவும் மழைச்சட்டை போடவும் கீழே நின்றுவிட்டேன். மறுபடி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சாலைப் பணியாளர் ஒருவர் குறுக்கே தடுப்புக் கட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். மணி பத்து நாற்பது.

"இதுக்கு மேல போக முடியாதுங்க. மேல பிரிவுகிட்ட மண்ணு சரிய ஆரம்பிச்சிருக்கு. காலைலேர்ந்து கல்லு உருளுது."

"அப்படியா."

"உங்க ஆளுங்க யாராவது மேல இருக்காங்களா? இருந்தா சொல்லுங்க, ஜீப்ல போய் இறக்கிட்டு வந்துடறோம். பத்து நிமிஷம்தான்."

"இல்ல" என்றேன். "எல்லாரும் ஏரிப்பக்கம் இறங்கிட்டாங்க."

அவர் என் எதிரிலேயே வாக்கிடாக்கியில், மேலே யாரும் இல்லை, ஏரிப்பக்கத் தடுப்பையும் கீழேயே போட்டுவிடலாம் என்று அடுத்த பக்கத்து ஆளுக்குச் சொன்னார். பிறகு எனக்குப் பழைய கீழ்ச்சாலையைக் காட்டி, மழையில் பார்த்துப் போகச் சொன்னார். அந்தப் பணியாளர் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. நல்ல மனிதர், கடமை தவறாதவர். அவர்மேல் எந்தக் குறையும் எழுதிவிடாதீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மாப்பிள்ளை சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஒரே ஒரு தடவை நகர வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அரைமணி நேரம் நனைவார், கல் உருளுவதைப் பார்ப்பார், போதும்டா சாமி என்று கிளம்பிவிடுவார். கடைசி வண்டியை விட்டுவிட்டு வந்தவர் என்ற பெயர் அவருக்கு நிற்கும். எனக்கு அது போதும்.

கீழ்ச்சாலையில் சுற்றி, பதினொன்று முப்பத்தைந்துக்கு ஏரிக்கரை டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு பேரும் எழுந்து ஓடிவந்தார்கள்.

"என்னடா இந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற? மாப்ளே எங்க?" என்றான் ரொட்டிக்கடைக்காரன்.

"பிரிவுல யாருமே இல்லையே. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம திரும்பி, கீழ் ரோட்டுல சுத்தி வந்தேன்."

"நான் வர்றப்ப அங்கதானே நின்னாரு" என்றார் பல் டாக்டர்.

"குவாரியைப் பாக்கணும்னு நேத்து சொல்லிட்டிருந்தார். அங்க போயிருப்பார்."

ரொட்டிக்கடைக்காரனுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "மழையில உன்னைத் தனியா விட்டுட்டுப் படம் புடிக்கப் போயிட்டானா? வரட்டும், வச்சுக்கறேன்" என்றான். தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டான். பல் டாக்டர் எனக்குச் சூடாக டீ வாங்கிவந்து, நாளையிலிருந்து நீயே முன்னால் போ, பழையபடி நம் மூன்று பேர் போதும் என்றார். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் வந்தது. வாத்தியார் நாற்காலியில் பசை தடவிய கதைக்கு ரொட்டிக்கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். வெளியே நல்ல மழை. ஏரி தெரியவே இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. அந்த முக்கால் மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நடுவில் ஒருதரம் ரொட்டிக்கடைக்காரன் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். "எதுக்கும் நான் மேல போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேண்டா. இருபது நிமிஷம்தானே." அப்போது மணி பதினொன்று ஐம்பது. "உக்காருடா, பசிச்சா தானா வருவார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவன் தன்னையே நொந்துகொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனிடம் சொல்லிவிடுங்கள், உட்காரச் சொன்னது நான்தான் என்று.

பன்னிரண்டு இருபதுக்கு மலைப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பல் டாக்டர்தான் முதலில் வண்டியை எடுத்தார். நான் டீக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன்.

மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. எங்கே கிடந்தார் என்று நீங்கள் பார்த்தீர்கள். பிரிவிலிருந்து நாலு அடிகூடத் தள்ளி இல்லை.

பிறகு அந்த வேன் டிரைவர் வந்தார், குவாரிப் பக்கத்து வீடுகளுக்குச் சிலிண்டர் போட்டுவிட்டு, ஏரிப்பக்கம் தடுப்பு விழுவதற்குச் சற்று முன் இறங்கிப் போனவர். மாப்பிள்ளையிடம் கடைசியாகப் பேசியவர் அவர்தான். மருத்துவமனை வராந்தாவில் என் தங்கைக்கு எதிரே நின்று சொன்னார்.

"நான் சொன்னேம்மா, கல்லு உருளுது, நிக்காதீங்க, கிளம்புங்கன்னு. கேக்கல. 'என் மச்சான் பின்னாடி வர்றாரு. குவாரி ரோடு பாதியில உடைஞ்சு கெடக்குன்னு நீங்களே சொல்றீங்க. மழையில தெரியாம அவர் அதுல திரும்பிட்டார்னா? அவர் வந்ததும் கிளம்பிடறேன்'னாரு."

பதினொரு வருடம் வழி கண்டுபிடித்தவனுக்கு வழி தெரியாமல் போய்விடுமாம். செத்த பிறகும் அவர் என்னை விடவில்லை பார்த்தீர்களா. என் தங்கை அழுதுகொண்டே, "அவர் அப்படித்தான் அண்ணா, அவர் அப்படித்தான்" என்றாள். அந்த அழுகைக்குள்ளும் ஒரு பெருமை இருந்தது. என்னைப் பற்றி யாரும் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்காகத்தான் நின்றார் என்று இப்போது ரொட்டிக்கடைக்காரனும் போகிற இடமெல்லாம் சொல்கிறானாம்.

கடைசியாக நீங்கள் கேட்டது. மேலே ஆள் நிற்பது தெரிந்தே, மண் சரிவது தெரிந்தே, யாரும் இல்லை என்று சொன்னேனா? ஆமாம். தெரிந்தே சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கூடவே இதையும் எழுதிக்கொண்டால் நியாயமாக இருக்கும். நான் சொன்னதற்கும் மண் விழுந்ததற்கும் நடுவில் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. அவருக்குக் காது கேட்கும், கண் தெரியும். வண்டி பக்கத்திலேயே நின்றது. வேன்காரர் வேறு எச்சரித்திருக்கிறார். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன்.