எட்டு மணிக்குப் பச்சை

டீ ஆறிவிடும், முதலில் குடியுங்கள் இசைவாணி. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அத்தாவுக்குப் போட்டுப் போட்டு எனக்குக் கை அப்படியே பழகிவிட்டது.

சென்னையிலிருந்து உங்கள் கம்பெனி உங்களை எதற்கு அனுப்பியது என்று எனக்குத் தெரியும். என்னைப் பெற்ற அத்தா அப்துல் கையூம் கடைசி ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை என்று உங்கள் மாத்திரைப் பெட்டி சொல்கிறது. ஆனால் பக்கவாதம் வந்து மவுத்தாகிவிட்டார்கள். அப்படியானால் பெட்டியில்தான் கோளாறோ என்று பதினெட்டு நாட்டுக்காரர்கள் வாங்காமல் நிற்கிறார்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதை என் தம்பி யாசின்தான் கனடாவிலிருந்து அனுப்பினான். வெளிநாடுகளில் அதை விற்கிற பொறுப்பு அவனுக்கு. உங்களுக்குத் தெரியாததா. காலை எட்டு மணிக்குக் கூவும். மூடியைத் திறந்தால் அவன் போனிலும் என் போனிலும் பச்சை விழும், ஒன்பது வரை திறக்காவிட்டால் சிவப்பு. பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. இரண்டே மாத்திரை.

"இதுக்கு ஒரு கோழிய அனுப்பியிருக்கலாம். கூவுறதோட முட்டையும் போடும்" என்றார்கள் அத்தா.

பெட்டி வந்த பிறகு அவன் பேசுவது குறைந்துவிட்டது. தப்புச் சொல்லவில்லை. பச்சை விழுந்தால் அத்தா நன்றாக இருக்கிறார்கள், பிறகு எதற்குப் பேச வேண்டும்? ஆறு மாதத்தில் இரண்டு தடவை பேசியிருப்பான்.

அப்புறம் நோன்பு மாதம் வந்தது. டாக்டர் வேண்டாமென்றும் கேட்காமல் அத்தா நோன்பு பிடித்தார்கள். மாத்திரையைச் சாயங்காலம் கஞ்சி குடித்த பிறகு போட்டுக்கொண்டார்கள். காலையில் பெட்டி கூவி ஓய்ந்தது, சிவப்பு விழுந்தது. ஒன்பது அடித்ததும் போன்.

"அத்தா, மாத்திரை போடலையா?"

"நோன்புடா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டருக்கு மேல ஒருத்தன் இருக்கான்ல. நீ சாப்டியா? அங்க இன்னும் பனி கொட்டுதா?"

கூவுகிற நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடு என்று யாசினிடம் நான்தான் சொன்னேன். "மாத்துனா நோன்ப விடவே மாட்டாங்க அக்கா. தெனம் திட்டுனாத்தான் விடுவாங்க" என்றான். தினமும் திட்டினான். முப்பது நாளும் அத்தா எட்டு மணிக்கே சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. நான் கூடவே இருந்த பதினாறு வருஷத்தில் பார்த்ததே இல்லை.

பெருநாள் முடிந்தது. மாத்திரை காலைக்குத் திரும்பியது, பச்சை விழுந்தது, போன் நின்றுபோனது. நாலாம் நாள் அத்தா மூடியைத் திறக்கவில்லை.

"போடுங்க அத்தா, கூவுதுல்ல."

"செத்த நேரம் பொறு. அவன் வரட்டும்."

ஒன்பதுக்குப் போனில் வந்தான். "மறந்துட்டேன்டா" என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். பேசி முடித்ததும் மாத்திரையை விழுங்கினார்கள். அது வழக்கமாகிவிட்டது. கூவட்டும், சிவப்பு விழட்டும், மகன் பேசட்டும், பிறகு மாத்திரை. யாருக்கும் கெடுதல் இல்லாத வழக்கம். ஒரு மணி நேரம் தள்ளிப்போவதால் எதுவும் ஆகிவிடாது.

ஒரு நாள் அவர்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். போனில் யாசின் ஏதோ கேட்டிருக்கிறான். "இங்க யாருடா இருக்கா, தனியாத்தான் கெடக்கேன்" என்றார்கள் அத்தா. அவர்கள் குதிகால் என் உள்ளங்கையில் இருந்தது. மீதி எண்ணெயையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அதே வாரம் யாசின் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இனிமே செவப்பு விழவே கூடாது. அத்தாவோட கணக்கத்தான் எல்லா நாட்டுக்காரங்களுக்கும் காட்டப்போறேன். பெத்தவங்க திண்டுக்கல்ல, மகன் டொரோண்டோவுல, நடுவுல இந்தப் பெட்டி. பாத்துக்க" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் பெட்டியை அடுப்படிக்கு மாற்றினேன். எட்டு மணிக்குக் கூவ வாயைத் திறக்கும்போதே மூடியைத் திறந்துவிட்டேன். அதைத்தானே உங்கள் கம்ப்யூட்டரும் கண்டுபிடித்திருக்கிறது? வயசானவர் எப்படித் தினமும் சரியாக எட்டுக்கே திறக்கிறார் என்று. நல்ல கம்ப்யூட்டர்.

மாத்திரையை அத்தாவிடம் நீட்டினேன்.

"போன் வந்துருச்சா?"

"வரல."

"அப்ப இருக்கட்டும்."

ஒரு தடவை நீட்டினேன், அவர்கள் வாங்கவில்லை. அதற்குப் பிறகு நான் நீட்டவில்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன்.

சிறுமலை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். போன வருஷம் காய்ச்சலில் அடம் பிடித்தபோது அப்படித்தான் கொடுத்தேன், தெரியாமலே விழுங்கினார்கள். இந்தத் தடவையும் பழம் வீட்டில் இருந்தது.

"செவப்பு விழுந்துருச்சா இஃப்பத்?"

"விழுந்துருச்சு அத்தா."

"பின்ன ஏன் பேச மாட்டேங்குறான்?"

"வேலையா இருப்பான்."

"என் மேல கோவமா?"

"தெரியலையே அத்தா."

முப்பத்தெட்டு நாள் இதே பேச்சுதான். ஒரு நாள் யாசினாகவே கூப்பிட்டான், என் போனுக்கு. அத்தாவின் கணக்கைக் காட்டிய கூட்டம் நல்லபடியாக முடிந்ததாம், கை தட்டினார்களாம். "அத்தாகிட்ட குடு அக்கா, ஒரு வார்த்த பேசிக்கிறேன்" என்றான். அத்தா சட்டையும் தொப்பியுமாக நாலடி தள்ளி உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளி நின்று பேசினால் அவர்களுக்குக் காது கேட்காது. "தூங்குறாங்கடா" என்றேன். வைத்த பிறகு அத்தா கேட்டார்கள், "யாரு?" கேஸ்காரன் என்றேன்.

மறுநாள் காலையில் தொப்பியை எடுக்கப் போனவர்கள் சுவரோரமாகச் சரிந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மணி ஏழு ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிஷம் அடுப்படியில் நின்று, மூடியைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். போனில் பச்சையைக் காட்டினேன், வரிசையாக. "இம்புட்டு கவனமா பாத்துக்கிட்டும் இப்படி ஆயிருச்சேம்மா" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். யாசினால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. வீடியோவில் பார்த்து அழுதான். "ஒரு நாள்கூட விடலையே அக்கா நீ" என்றான். அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். போலீசுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள், நான் எங்கும் போகப்போவதில்லை.

அத்தாவைக் கொன்றது நான்தான். கோபத்தில் செய்யவில்லை, நிதானமாகத்தான் செய்தேன். ஆனால் அதனால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பேச்சில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண்ணை என்னை விட்டு எடுக்கவே இல்லை. "மக மேல எம்புட்டு பாசம்" என்று நர்ஸ்கூடச் சொன்னாள். ஒரு தடவை போனை ஜன்னல் பக்கம் சார்ஜில் போட்டுவிட்டு டீ வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது அத்தா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததும் கண் மெதுவாக என் பக்கம் வந்துவிட்டது.

அவ்வளவு நேரம் என்னைக் காணாமல் தேடியிருக்கிறார்கள், பாவம்.