தங்கப்பழம் தோற்றவரே

பந்தைப் பிடித்ததைவிடப் பாராட்டைப் பிடித்ததே அதிகம் என்று பெயரெடுத்த பழைய கோல்கீப்பரும், இந்தப் பட்டிமன்றத்தின் நடுவருமாகிய சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி அவர்களே. எண்களால் எங்கள் அணியை அடித்து நொறுக்கிவிட்டு, ஏதும் அறியாதவர் போல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவி, உடற்கல்வி ஆசிரியை கோகிலா அவர்களே. பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஒருநாளும் வராமல், பேசுவதைக் கேட்க முதல் ஆளாய் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே. எப்படி ஆடியிருக்க வேண்டும் என்பதை ஆட்டம் முடிந்த பிறகே அறியும் ஆன்றோர்களே. இன்றைய பேச்சு யாரைப் பற்றியதோ என்பது போல் ஓரமாய் அமர்ந்திருக்கும் நம் கால்பந்துக் கழகத்தின் முன்னாள் மேனேஜர் தங்கப்பழம் அண்ணாச்சி அவர்களே. அனைவருக்கும் இசக்கித்துரையின் வணக்கம்.

தங்கப்பழத்தின் ஏழாண்டுக் காலம் வெற்றியா, தோல்வியா? இதுதான் தலைப்பு. கோப்பை வாங்கிய ஆண்டை மட்டுமே மைதானச் சுவரில் எழுதுவது நம் கழகத்து வழக்கம். அதனால் அவருடைய ஏழாண்டும் அங்கே வெறும் சுண்ணாம்பாக நிற்கின்றன. இன்று தீர்ப்பு வெற்றி என்றால் அவர் பெயர் சுவரில் ஏறும். தோல்வி என்றால் பெயின்டர் வீட்டுக்குப் போகலாம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது தோல்வி.

இப்படிச் சண்டை போடுவது இந்த ஊருக்குப் புதிதா? சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இரண்டு நாகராஜாக்கள் மல்லுக்கு நின்ற மண்ணல்லவா இது. அம்பாள் தவமிருந்து, சிவனையும் திருமாலையும் ஒரே உடம்பில் காட்சி தரச் செய்து அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தாள். தங்கப்பழத்துக்காகத் தவமிருக்க எந்த அம்பாள் வருவாள்? ஆகவே மைக்செட் வைத்திருக்கிறோம்.

கோகிலா டீச்சர் சொன்னார்கள்: ஐம்பத்திரண்டு ஆட்டம், இருபத்தொரு வெற்றி, பத்தொன்பது டிரா. அவர் வரும்போது கோல்போஸ்டுக்கு வலைகூட இல்லை, அவர்தான் கட்டினார் என்றார்கள். அதையும் சாதனை என்றார்கள். வலை இல்லாத காலத்தில், பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று வாதாடியே நாம் எத்தனை தோல்வியைத் தவிர்த்தோம்? வலை வந்தது, வாதம் போனது, வாங்கிய கோலெல்லாம் வெட்டவெளிச்சமானது. இது தோல்வி இல்லாமல் வேறென்ன?

இன்றைய மேனேஜர் இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறார். அந்த அணியில் ஒன்பது பேர் தங்கப்பழம் வீடுவீடாய்ப் போய்க் கூட்டிவந்தவர்கள் என்கிறார் டீச்சர். கூட்டிவந்தவருக்கா கைதட்டுவது? கோப்பையைத் தூக்கி நிற்கும் போட்டோவில் அவர் இருக்கிறாரா? இல்லையே.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, வாசுதேவநல்லூர் பைனலச் சொல்லுலே" என்கிறது. சொல்லுதேன் அண்ணாச்சி, அங்கதான் வாரேன்.

ஆறாண்டுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசுதேவநல்லூர் அணியோடு இறுதியாட்டம். பஸ் ஸ்டாண்டு எதிரில் என் முகம் பத்தடி உயரத்தில் பிளெக்ஸாக நின்றது. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியில் என் இடது முழங்கால் பிசகியது. யாரிடமாவது சொன்னேனா? பத்தடி முகம் உள்ளவன் பெஞ்சில் உட்காரலாமா? துணியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் சாக்ஸை இழுத்துவிட்டு இறங்கினேன்.

ஊரே என் கோலுக்காகக் காத்திருந்தது. அவர் ஒருவர்தான் என் காலைப் பார்த்தார். என்னைப்போல் விசைத்தறியில் வேலை பார்ப்பவருக்கு விசைத்தறிக்காரன் நடை தெரியாதா? நாலு தறிக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நடக்கிறவன் எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறான் என்று அவருக்கு ஒரு நொடியில் தெரிந்தது. பிற்பாதி தொடங்கிய சற்று நேரத்தில் என்னை வெளியே அழைத்தார். நான் முறைத்தேன். அவர் என் காதில் கேட்டார்: "ஏலே, திங்கக்கெழம தறிக்கு யாரு போவா?"

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்கள் கோல் போட்டார்கள். கோப்பை போனது.

மணி அடிக்காதீங்க அண்ணாச்சி, இன்னும் ஒரு நிமிஷம். இத்தனை வருசமா இதைச் சொல்லல.

மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள், ஏன் உன்னை எடுத்தார் என்று. நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "அந்த ஆளுக்கு ஆட்டம் தெரியல." அந்த வாக்கியம் டீக்கடையில் தொடங்கியது. தறிக்கூடத்தில் வளர்ந்தது, கமிட்டியில் தீர்மானமானது. அந்த வாரமே அவரை நீக்கினார்கள். அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் முழங்காலைக் காட்டியிருந்தால் போதும், ஊர் என்னைக் கிழித்திருக்கும். அவரோ கேட்டவர்களிடம் "ஆமா, தோத்துட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

பெரியோர்களே, இந்த ஆறாண்டும் நீங்கள் எடைபோட்டது அவர் ஆட்டத்தையா, என் பொய்யையா? அவர் தோற்றவர் என்று பேச வந்தேன், பேசுகிறேன். தோற்றார். ஒரு கோப்பையைத் தோற்றார். தெரிந்தே தோற்றார். அது எனக்காக. அதை ஊரார் கேட்க இன்றுவரை சொல்லாத கோழை நான். வெட்கமாயிருக்கிறது.

நடுவர் அவர்களே, என் அணிக்குரிய மதிப்பெண்ணையும் கோகிலா டீச்சருக்கே போட்டுவிடுங்கள். தங்கப்பழம் அண்ணாச்சி, எந்திரிக்காதீங்க, உக்காருங்க. அன்னைக்கி எனக்குக் கால் வலிச்சுது. நீங்க என்னிய வெளிய எடுத்தது சரிதான்.

என் பொய்யை ஆறாண்டு நம்பிய அவையே, உண்மையைக் கேட்க ஆறு நிமிடம் தந்தீர்கள். நன்றி. மறுநாள் திங்கட்கிழமை தறிக்குப் போனவனின் வணக்கம்.