தோளில் தட்டி எண்ணிய வெடிகள்

ஈப்போ பக்கம் லகாட்டை அடுத்த கல்குவாரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெறும் திரு. பத்துமலை த/பெ மாயாண்டி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் 1986ஆம் ஆண்டு விடைதரும் விழாவில் வாசித்தளித்த பாராட்டு மடல்

மலையை மணலாக்கிய மாவீரரே! மருந்தைக் கையில் ஏந்தியும் மனம் பதறாத மறவரே! திரியை அளந்து வெட்டியபோதெல்லாம் நாங்கள் திரும்பி வரும் வழியையும் சேர்த்து அளந்து வைத்த தீரரே! காலைச் சங்கு ஊதுமுன் வந்து, கடைசிக் கல் உருண்டு நின்றபின் கிளம்பும் கடமைக் காவலரே! எங்கள் பத்துமலை அண்ணே! வணக்கம்.

முறைப்படி இன்னும் பத்துப் பன்னிரண்டு ‘ரே’ போட்டிருக்க வேண்டும். எழுதியும் வைத்திருந்தோம். ஆனால் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அதில் ஒன்றுகூட உங்கள் காதில் விழாது என்பது இந்தக் கொட்டகையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே கோபித்துக்கொள்ள வேண்டாம். மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம், வீட்டில் உங்கள் துணைவி நல்லம்மாள் அக்கா பக்கத்தில் இருக்க எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். இப்போது சபையைப் பார்த்து, உங்களை ‘அவர்’ என்று வைத்தே சொல்லப்போகிறோம்.

சபையோரே! விருந்தும் மாலையும் உள்ள நாளில் சாவைப் பேசலாமா என்று எங்களுக்கும் தயக்கம் இருந்தது. நல்லதை மட்டும் எழுதி அண்ணனிடம் காட்டினோம். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “பிச்சமுத்து பேரு எங்க? அத எழுதாட்டி நான் மேடைக்கே வரல லா. மாலையும் வேணாம், ஒன்னும் வேணாம்” என்றார். ஆகவே எழுதினோம்.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்று துண்டு துண்டாக விலைபோனபோது, வேலை இழந்து இங்கே வந்தவர் அவர். அவரோடு அதே லோரியில் ஏறி வந்தவர் பிச்சைமுத்து. உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் இறங்கும்போதே மச்சான் மச்சான் என்று அழைத்துக்கொண்டார்கள். பத்துமலை வெடிக்காரருக்கான லைசன் எடுத்தார். பிச்சைமுத்து அவருக்குத் துணையாள் ஆனார். ஒருவர் பாறைக் குழியில் வெடிமருந்தை இறக்குவார், மற்றவர் மண்ணைக் கெட்டிப்பார். இப்படியே பல ஆண்டுகள் போயின.

குணம் என்று சொல்ல வந்தால் பத்துமலையின் பொறுமையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மேனேஜர் முகம் சிவக்கத் திட்டுவார், இவர் புன்னகையோடு நின்றுகொண்டிருப்பார். யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டார், மற்றவர்கள் பேசினாலும் கலந்துகொள்ள மாட்டார். மகான் என்று நாங்கள் கேலியாகவும் நிஜமாகவும் சொல்வோம். மகானாவது மண்ணாவது! மனிதருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு அடுப்படியிலிருந்து நல்லம்மாள் அக்கா கூப்பிடுவது போயிற்று. 1975இல் ஒருநாள் ஆபத்துச் சங்கு ஊதி நாங்கள் எல்லோரும் ஓடி ஒதுங்கிவிட்டோம், அவர் மட்டும் பாறைமேல் நின்று திரியைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்து ஓடிப்போய் இழுத்து வந்தார். அன்றைக்கு அவர்களுக்குள் நடந்த பேச்சை அண்ணனே பின்னாளில் எங்களிடம் சொன்னார். பிச்சைமுத்து அவருடைய தாடையைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்க்க வைத்தாராம்.

“ஒனக்குக் கேக்கலதானே மச்சான்?”

“ஆபீசுல சொல்லிப்புடுறேன்.”

“சொன்னா லைசன புடுங்கிருவாங்க. கம்பெனி வீட்டயும் காலி பண்ணச் சொல்லுவாங்க. அஞ்சு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவ? தாப்பா லா, பரவால்ல, விடு. காதுக்கு நான் இருக்கேன்.”

வெடிக்காரருக்குக் காது எதற்கு என்று வெளியிலிருந்து வந்தவர்கள் கேட்கலாம். மலையிலிருந்து விழுந்த பெரும்பாறைகளை உடைக்கும்போது ஒவ்வொரு பாறையிலும் ஒரு குழி, ஒவ்வொரு குழிக்கும் வெவ்வேறு நீளத்தில் திரி. ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். ஒன்பது குழி என்றால் ஒன்பது சத்தம் கேட்க வேண்டும். எட்டோடு நின்றுவிட்டால் எங்கோ ஒன்று உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஒருவரும் அசையக்கூடாது, ஆபத்து நீங்கியதற்கான விசிலை ஊதக்கூடாது. எங்கள் உயிர் அந்த எண்ணிக்கையில் இருந்தது.

அந்த நாள் முதல் பிச்சைமுத்து எண்ணினார். ஒவ்வொரு வெடிக்கும் பத்துமலையின் தோளில் ஒரு தட்டு. மச்சான்மார் விளையாட்டு என்று நாங்கள் சிரித்துவிட்டுப் போனோம். நான்கு வருடம் அந்தத் தோள் பொய் சொன்னதில்லை.

1979, மழைக்கால முடிவு. எதிர்மலையில் அந்த வாரம்தான் பெரிய பாறைமுகம் ஒன்று வெட்டுப்பட்டு, பூசின சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. அன்று ஒன்பது குழி. ஒதுங்கும் இடத்தில் பத்துமலை நின்றார், பின்னால் பிச்சைமுத்து, பக்கத்தில் புதிதாக வந்த மேனேஜர். வெடிகள் தொடங்கின. பத்துமலைக்குப் பாதத்தின் வழியாக அதிர்வு வந்தது, தோளில் தட்டு விழுந்தது. கடைசியில் தோள் ஒன்பது என்றது. பாதம் எட்டு என்றது.

திரும்பி மச்சானின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பக்கத்தில் நிற்கும் மேனேஜருக்கு விஷயம் தெரிந்துபோகும். சின்ன மருந்தென்றால் சில சமயம் பாதத்துக்கு எட்டாமல் போவதுண்டு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். விசிலை எடுத்து ஊதினார்.

எதிர்மலைச் சுவரில் மோதித் திரும்பிய எதிரொலியைப் பிச்சைமுத்து ஒரு வெடியாக எண்ணிவிட்டார். ஒரு திரி மழை ஈரத்தில் நனைந்து, அணையாமலும் எரியாமலும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. விசில் கேட்டதும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல முதல் ஆளாகப் பிச்சைமுத்து இறங்கிப் போனார். பத்துமலை குனிந்து மீதித் திரியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதத்தில் அதிர்வு வந்தது. தோளில் தட்டு விழும் என்று அப்படியே நின்றார். விழவில்லை. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார்.

பார்த்ததை எழுத மாட்டோம். அள்ளியவர்கள் நாங்கள்தான்.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வருவதற்கு முன்பு மண்டோர் ஐயாவு, அதாவது எங்கள் மேற்பார்வையாளர், பத்துமலையைத் தனியே கூப்பிட்டார். மேலே இருந்தவர்கள் சொல்லி அனுப்பியதைத்தான் சொன்னார். “விசில் ஊதுறதுக்கு முன்னாடி அவனாத்தான் எறங்கிட்டான்னு சொல்லிடு. செத்தவன் வந்து கேக்கப்போறானா? ஒன் லைசனும் நிக்கும், வீடும் நிக்கும்.” ஐயாவு இதே மேடையில் உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

அதிகாரி கேள்விமேல் கேள்வி கேட்டார். பத்துமலை வாயைப் பார்த்துப் பார்த்துத் திணறினார். பிறகு எழுந்து நின்று, தன் குரலின் அளவு தனக்கே தெரியாமல் கத்தினார்:

“ஐயா, நீங்க என்னா கேக்குறீங்கன்னே எனக்குத் தெரியல. எனக்குக் காது கேக்காது. நாலு வருசமாக் கேக்கல. பிச்சமுத்து விசில் ஊதுன பொறவுதான் போனான். ஊதுனது நான்.”

அந்த ஒரு பேச்சில் செத்தவர் மேல் விழ இருந்த பழி நின்றது. லைசன் போயிற்று. வீடும் போயிற்று. நான்கு வருடம் ஒரு செவிட்டு மனிதனை நம்பியா இறங்கினோம் என்று எங்களில் பலர் கேட்டோம். கொலைகாரன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அதை வாயசைவிலேயே அவர் படித்திருப்பார்.

பிச்சைமுத்துவின் மனைவி வீரம்மா அவரைக் குவாரி வாசலில் மறித்தார். “எம்புருசன் தப்பா எண்ணுனாரா, இல்ல நீங்க தெரிஞ்சே ஊதுனீங்களா? சொல்லுண்ணே!”

“ரெண்டும்தான் தங்கச்சி” என்றார் பத்துமலை. “எங்காலு எட்டுன்னு சொல்லுச்சு. மேனேஜர் பக்கத்துல நின்னாருன்னு நான் திரும்பிக் கேக்கல.”

அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது. வீரம்மாவுக்கு இங்கேயே கல் பொறுக்கும் வேலை கிடைத்தது. பத்துமலை கல் அரைக்கும் இயந்திரத்தின் அடியில் தூசு வாரும் வேலைக்குப் போனார். காது உள்ளவன் எவனும் அங்கே நிற்க மாட்டான், அவருக்கு அங்கே இழக்க ஒன்றும் இல்லை. ஏழு வருடம் தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசோடு, தினமும் வீரம்மாவைக் கடந்துதான் வீட்டுக்குப் போனார். ஒரு நாளும் வேறு வழியாகப் போனதில்லை.

ஆற்றல், அடக்கம், அன்பு என்று அடுக்கிக் கொண்டாடும் மடல் இது இல்லை, சபையோரே! தன் ஒரு வாயசைவில் தப்பித்திருக்கக்கூடிய மனிதர் தப்பிக்கவில்லை. அதற்குத்தான் இந்த மாலை.

அண்ணே! இனி மறுபடியும் உங்களிடமே பேசுகிறோம். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் உங்களிடம் முன்கூட்டிக் காட்டவில்லை.

மடலில் கையெழுத்து வாங்க வீரம்மாவிடமும் போனோம். முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “மன்னிச்சிட்டேன்னு எழுதிப்புடாதீங்க. நான் மன்னிக்கல. ஆனா அவரு பொய் சொல்லியிருந்தா எம்புள்ளைங்க அப்பன் பேரச் சொல்லவே கூசியிருக்கும். அத எழுதுங்க. இப்பக் கையெழுத்து போட மாட்டேன். எடம் மட்டும் விட்டு வைங்க. போடணும்னு தோணுச்சுன்னா நானே அவரு வீட்டுக்கு வாரேன்.”

இடம் விட்டிருக்கிறோம். என்றைக்கு வந்தாலும் பேனா பட வேண்டும் என்பதால் சட்டத்துக்குக் கண்ணாடி போடவில்லை. தாள் பழுத்துவிடும், கரப்பான் அரித்துவிடும் என்று ஈப்போ கடைக்காரர் சொன்னார். அரித்தால் அரிக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டோம். நலமும் நீண்ட ஆயுளும் பெறுக என்று எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறோம். ஆனால் ஒப்புக்குச் சொல்லவில்லை, அண்ணே. வீரம்மா வந்து தட்டினால் உங்களுக்குக் கேட்காது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அவர் வரும்வரை உயிரோடு இருங்கள்.

இங்ஙனம்,
உங்களோடு உழைத்த குவாரித் தொழிலாளர்கள்

ஐயாவு, மண்டோர்
நவமணி, எடைமேடை எழுத்தர்
பழனியப்பன், லோரி ஓட்டுநர்
மற்றும் அனைவரும்

வீரம்மா பிச்சைமுத்து: ..............................