கூண்டின் சிவப்பு விளக்கு

என்னை எல்லோரும் ‘உளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தொன்று. தேவாலயத்துக்குப் பின்தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் குடியிருந்து தச்சு வேலை செய்து வருகிறேன். ஆஸ்பத்திரியில் அடிபட்டுக் கிடப்பவர் என் காலஞ்சென்ற அக்காவின் கணவர். ஏழு மாதத்துக்கு முன் அக்கா மாடிப்படியில் தவறி விழுந்து இறந்ததாக இதே காவல் நிலையத்தில் எழுதி மூடியிருக்கிறது. அவளுக்குச் சவப்பெட்டி செய்தவன் நான்.

நேற்று சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, சனங்கள் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியார் உட்காரும் பலகை ஆடுகிறது என்று என்னை வரச்சொன்னார்கள். அந்தப் பலகையில் ஆள் உட்கார்ந்தால் வெளியே சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் சாமியார் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். ஆணி அடித்துவிட்டு, ஆட்டம் நின்றதா என்று உட்கார்ந்து பார்த்தேன். அதன் பிறகு, முகம் தெரியாதபடி நடுவில் அடைத்திருக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முழந்தாளிட்டு, “சாமி, பாவி என்னை ஆசீர்வதியுங்க” என்றார். அத்தானின் குரல். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பொய் சொன்னது, பூசைக்கு வராதது என்று வரிசையாக ஆரம்பிக்கவே எனக்குச் சிரிப்பு வந்து, பிறகு வீட்டில் வைத்துக் கேலி செய்யலாம் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர், சண்டையில் அக்காவைப் படியிலிருந்து தள்ளியதையும், விழுந்தவள் உயிரோடு கிடந்ததையும் சொன்னார். “தண்ணி கேட்டா சாமி. நான் துண்ட வச்சு வாய அமுக்கிட்டேன்” என்றார். பெட்டியில் வைக்கும்போது அக்காவின் உதடு கிழிந்திருந்தது. விழுந்ததில் கிழிந்தது என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதவர் இவர். சொல்லி முடித்து, மன்னிப்புக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. சுத்தியலால் தட்டியை உடைத்து அவர் நெற்றியில் அடித்து, அதன் பிறகு வெளியே வந்து, எழவிடாமல் தாடையில் இரண்டு தடவையும், துண்டைப் பிடித்த கை எதுவென்று தெரியாததால் இரண்டு கைகளிலும் அடித்தேன். மூன்று பல் கூண்டுக்குள் விழுந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கத்தினார்.

அதன் பிறகு ஓடிவந்த சாமியார் சுத்தியலைப் பிடுங்கினார். நான் வாயைத் திறக்கும் முன்பே, கூண்டில் கேட்டதை வெளியே சொல்வது பாவம், தற்செயலாகக் கேட்டவனையும் அந்த விதி கட்டுப்படுத்தும் என்றார். உங்கள் வண்டியில் ஏறும்வரை அதையே சொன்னார்.

அத்தான் பிழைத்தாலும் பேச்சு வராது, கை விளங்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். வாயால் சொல்லவும் கையால் எழுதவும் முடியாதபடி அடித்தது என் புத்திகெட்ட வேலை. நானும் சொல்லாவிட்டால் அக்கா தவறி விழுந்தவளாகவே இருப்பாள்.

மேற்கண்டதை வாசித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை. சொன்னது பாவம் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)