மைதானத்துக்கு முதுகு காட்டியவன்

எனக்குப் பந்தாட்டம் பார்க்கக் கொடுத்துவைத்ததே இல்லை, ஐயா. சிரிக்காதீர்கள். எங்கள் அணி சொந்த மைதானத்தில் ஆடிய எல்லா ஆட்டத்துக்கும் போயிருக்கிறேன்; ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ரசிகர்களைக் கத்தவைப்பது என் வேலை. கேலரிக்குக் கீழே, கம்பித் தடுப்பை ஒட்டிய மேடையில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி ஒலிபெருக்கியோடு நிற்பேன். எனக்குத் தெரிவதெல்லாம் முகங்கள்தான்.

வெளியூரில் பெட்டிப் பாம்பாக அடங்கும் அதே பதினொரு பேர் இங்கே துள்ளுவார்கள். எல்லாம் எங்கள் தொண்டை செய்கிற வேலை. நடுவரும் மனிதர்தானே. அத்தனை பேர் ஒரே குரலில் கேட்டால் விசில் தானாக வாய்க்குப் போய்விடும்.

நான் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் கேலரி அடங்கும், வழி விடும், மருத்துவக் குழு வரும். அது எங்கள் ஏற்பாடு. போன சீசனில் ஒரு பெண் மயங்கியபோது அப்படிச் செய்தேன். அந்த அமைதியில் இரண்டு கோல் வாங்கினோம். அவளோ தண்ணீர் குடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். என் தங்கையின் கணவன் மட்டும், "விடுங்க மச்சான், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான்.

இந்த சீசனின் கடைசி ஆட்டத்தன்றும் மாப்பிள்ளை முன்வரிசையில்தான் இருந்தான். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம் என்ற ஆட்டம். முதலில் அவன் பாட்டு நின்றது. பிறகு முகம் வெளிறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே சரிந்தான். எனக்குப் பயம் வந்தது. தோற்றுவிடுவோமோ என்ற பயம்.

"அண்ணே, இவருக்கு என்னமோ பண்ணுதுண்ணே" என்றான் பக்கத்தில் இருந்தவன். பாடச் சொல்லிக் கையசைத்தேன். நானே பார்த்துவிட்டேன் என்றால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நம்பி அவனும் பாடினான். நல்ல மனுஷன்.

ஒரு கோல் விழட்டும், கையைத் தூக்கிவிடலாம் என்றிருந்தேன். விழுந்தது. அப்புறம் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் கை கம்பிக்கு இடையில் நீண்டு என் ஷூவைத் தொட்டது. காலைச் சற்று நகர்த்திக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் முறைப்படி இரு கைகளையும் குறுக்கே வைத்தேன். கேலரி உடனே வழி விட்டது. அந்த ஒழுங்கைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தங்கை மைதானத்துப் பக்கமே வராதவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டாள்: "அவரு விழுந்தப்போ நீ என்னண்ணா பாத்துக்கிட்டிருந்த?"

"மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேம்மா."

நம்பினாள். யார் ஜெயித்தது என்றுதான் அவள் இன்னும் கேட்கவில்லை.