எப்சிக்கும் ஈஸ்ட்டுக்கும் பொதுவானது

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் எப்சிக்குக் கஞ்சி வைக்கும்போது கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். அவளை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, சார்.

நானும் அவளும் ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தோம், ஒரே வீட்டில் குடியிருந்தோம். என்னைவிட இளையவள். 'ஜோசலின் அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வேலை ஈஸ்ட்டில். ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அதேதான். அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்போம். பலவற்றை நீக்கினாலும் ஒன்றும் ஆகாது. சிலவற்றை நீக்கினால் செத்துவிடும். அப்படி உயிருக்கே ஆதாரமான ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்தேன். ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது. ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை, இத்தனை கோடி வருடத்தில் அந்த மரபணுவின் வேலை மாறவே இல்லை. அன்று எப்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

பிறகு எனக்கு அம்மை போட்டது. சிங்கப்பெருமாள் கோவிலில் அம்மா வீட்டில் படுத்திருந்தேன். திரும்பி வந்த அன்று ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியர் ராஜாராமன் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எப்சி ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்பிட்டா, ஜோசலின். அந்த ஜீன் பத்தித்தான். பிரமாதமா எழுதியிருக்கா."

எப்சி தலையைக் குனிந்து சிரித்தாள். "அப்புறமா சொல்றேங்க்கா."

சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்க என் பெயர் என்ன பிச்சையா?

அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை முடக்கும் மருந்து எங்கள் ஆய்வக ஃப்ரிட்ஜில் இருந்தது. ஈஸ்ட்டுக்காக வாங்கியது. மனிதருக்குள்ளும் அதே புரதம்தான் என்று நிரூபித்தவளே நான்தானே. கஞ்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன். முதலில் அவளுக்கு முடி கொட்டியது. பிறகு வாயெல்லாம் புண். தாம்பரத்தில் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஸ்பூனால் ஊட்டினேன்.

"நீங்க இல்லன்னா என்னை யாருக்கா பாத்துப்பாங்க?" என்றாள்.

அதற்குள் எனக்குக் கோபம் தணிந்திருந்தது. ஆனாலும் ஒரு சோதனையைப் பாதியில் நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண்.

அவளை அடக்கம் செய்த பிறகு பேப்பர் வெளிவந்தது. கண்டுபிடித்தவருக்குரிய முதல் இடத்தில் என் பெயர். அவளுடையது அடுத்தது.

"முதல் பேர் தன்னோடதுன்னு அச்சுல பாத்து அக்கா சந்தோஷப்படணும், அதுவரைக்கும் சொல்லாதீங்க சார்னு சொல்லிட்டாம்மா" என்று ராஜாராமன் சார் அழுதார்.

ஒரே வீட்டில் இருந்தவள் இவ்வளவு பெரிய விஷயத்தை என்னிடம் மறைத்தாள். அதைத்தான் இன்ஸ்பெக்டர் சார், என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.