காப்புக் கட்டின கை

வரட்டும் அண்ணி, வராம எங்க போயிடப் போறா. நீங்க மொதல்ல ஒக்காருங்க. பாய் வேணாம், அந்த நாற்காலியில ஒக்காருங்க. நாத்தனாரா வந்தா பாயி, சம்மந்தியம்மாவா வந்தா நாற்காலி. அப்பிடித்தான மொற? சும்மா சொன்னேன், மூஞ்சிய தூக்காதீங்க.

தட்ட இப்பிடி குடுங்க, சாமி மாடத்தாண்ட வைக்கிறேன். யப்பா, பூவ என்னா நெருக்கமா கட்டியிருக்கு! ஒங்க கையாலதான? நெனச்சேன். நீங்க ஒண்ண கட்டுனா அது லேசுல அவுராதே.

தனம் மாவு மில்லுக்குப் போயிருக்கா அண்ணி. வெள்ளிக்கெழம பாருங்க, எங்க உப்பளம் பக்கத்துப் பொம்பளைங்க மொத்தமும் அங்கதான் நிக்கும். அவளுக்குப் பூ வைக்க வரேன்னு நேத்து பொழுது சாயத்தான ஆளனுப்புனீங்க? பலகாரம் சுட வேணாமா? ஒங்க தம்பியா? அவுருக்கு மொத ஷிப்டு. ஆமா, பஞ்சு மில்லுலதான்.

பத்தரைக்கு ராவு காலமா? தெரியும் அண்ணி. வெள்ளிக்கெழம பத்தரையிலருந்து பன்னெண்டு, எனக்குத் தெரியாதா. அதோ கடியாரம் இருக்குதுல்ல, இன்னும் ஒம்போதரையே ஆவல. காபி குடிங்க. ஒங்க புள்ள அரி வரலியா கூட? ஓ, டூட்டியா. போலீசுக்காரன் இல்ல, நம்மள மாதிரியா.

என்னா அப்பிடி பாக்குறீங்க? கொடியில தொங்குறதா? அது ஒங்க தம்பியோட பழைய காக்கி பேண்டு. இடுப்ப புடிச்சி, கால வெட்டி, நான்தான் தனத்துக்கு தச்சிக் குடுத்தேன். வயசுக்கு வந்த பொண்ணுக்கு பேண்ட மாட்டி ரோட்ல ஓட வுட்டவன்னு நீங்க ஊரு பூரா சொன்னீங்களே, அதே பேண்டுதான். தொடையில கிழிஞ்சி போச்சி. கரித்துணிக்கு வச்சிருக்கேன்.

நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்றேன் அண்ணி. பொண்ணு வர்ற வரைக்கும் சும்மா எதுக்கு மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டு. எதிர் வூட்ல டிவி வாங்குனாங்கல்ல, அதுல ஒலிம்பிக்கு காட்டுனான். கேரளாக்காரப் பொண்ணு ஒண்ணு மயிரிழையில மெடல வுட்டுடுச்சி. தெருவே உச்சு கொட்டிச்சி. தனம் மட்டும் எழுந்து வந்து சொவுத்துப் பக்கம் திரும்பி படுத்துக்கிட்டா. கொஞ்ச நாளுல பொம்பள போலீசு எடுக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துது. அம்மா, நான் ஓடிப் பழவட்டுமான்னா. பழவுடின்னேன். அப்ப ஒங்க தம்பிக்கு வாரத்துல பாதி நாளு மில்லுல வேல இல்ல. பீடியும் கையுமா வாசல்ல குந்தியிருப்பாரு. அந்த வூட்ல யாராவது ஒருத்தர் எழுந்து ஓட வேணாமா, சொல்லுங்க?

கருக்கல்ல கடற்கர ரோட்டுக்கு கூட்டிட்டுப் போவேன். டூப்ளே சிலையாண்ட அவ செருப்ப மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். எங்கிட்ட ஏது வாட்ச்சு. மில்லு சங்குதான் கணக்கு. மொத சங்கு ஊதுனா ஓடணும், ரெண்டாவது சங்கு ஊதறதுக்குள்ள அந்தக் கோடிக்குப் போயி திரும்பி வந்துடணும். மொத நாளு காந்தி சிலையக்கூட தாண்டல, வாந்தி எடுத்துட்டா. நானும் சேந்து அழுதேன். அப்பறம் பாத்தா, ரெண்டாவது சங்கு ஊதும்போது திரும்பி வர்றா, தூரத்துல, காந்தி சிலையாண்ட. அப்பறம் அதுக்கும் இந்தாண்ட. மழக்காலம் முடியறதுக்குள்ள என்னா ஆச்சின்றீங்க? சங்கு ஊதுறப்ப எம் பக்கத்துல ஒக்காந்து ஊறவச்ச மல்லாட்டக் கடலய தின்னுகிட்டு இருக்கா! மூச்சுகூட வாங்கல. நான் பெத்ததுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி.

ஜனம் பேசாம இருக்குமா? பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து சொல்தா பென்ஷன் வாங்குற பெரியவரு ஒருத்தரு வாக்கிங் வருவாரு, தடிய தூக்கி அலே, அலேன்னு கத்துவாரு. பிரெஞ்சுல ஓடு, ஓடுன்னு அர்த்தமாம். நல்ல வார்த்த சொன்னது அவுரு ஒருத்தருதான். மத்தவனுங்க சொன்னத என் வாயால சொல்ல முடியாது. நான் எதுக்கு சொல்லணும், எல்லாந்தான் ஒங்க காதுக்கு வந்து, நீங்களும் கூட ரெண்டு சேத்து அனுப்புனீங்களே.

இருங்க, இருங்க. கோச்சிக்கிட்டு எழுந்திரிச்சா எப்பிடி? நல்ல காரியத்துக்கு வந்துட்டு தட்டோட திரும்பிப் போவீங்களா? ஒக்காருங்க. இந்தாங்க, வெத்தல போடுங்க.

அரியும் அப்பதான ஆம்பள போலீசுக்கு எழுதிப் போட்டான். அவன் எங்க பழவுனான்? ஒங்க ஊரு வரப்புலயா? இதே வூட்ல, இதே கூடத்துல தங்கிதான் பழவுனான். நீங்கதான கொண்டாந்து வுட்டீங்க, தாய்மாமன் வூடு, ரெண்டு மாசம் இருக்கட்டும்னு. நல்லா இருந்தான், எனக்கொண்ணும் கொறையில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். தெனம் அவனுக்கு முட்ட வச்சேன். அவளுக்கு மல்லாட்ட. அவ அதயே தின்னுட்டு ஓடுனா. ஆம்பளப் புள்ளைக்கு, விருந்தாளிக்கு, எடுத்து வைக்கிறதுதான நாம பழவுனது. இப்ப நெனச்சா அந்தக் கைய அடுப்புல வைக்கலாம் போல இருக்கு.

மொத வாரம் பாதியில நின்னுட்டான் அண்ணி. வாயால மூச்சு வுட்டுகிட்டு, வவுத்த புடிச்சிகிட்டு. இவதான் திரும்பி வந்து, பேசாத மாமா, எடுத்ததும் வேகமா ஓடாத, என் முதுவ பாத்துக்கிட்டே வான்னு சொன்னா. முதுவ பாத்துக்கிட்டே வந்தான். கடைசி வரைக்கும் முதுவத்தான் பாத்தான், அவள தாண்டுனதே இல்ல. கேட்டுப் பாருங்க ஒங்க புள்ளைய. பொய் சொல்ல மாட்டான். அது ஒண்ணுல ஒங்க சாட கெடையாது அவனுக்கு.

அப்பறம் போன வருஷம் ஆடி வந்துது. ஒங்க ஊரு மாரியம்மனுக்கு காப்பு கட்டறாங்க, ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன், அம்மனுக்கு வேண்டி காப்பு கட்டிக்கிட்டா வேல தானா வரும்னு வந்து நின்னீங்க. நானும் நம்பித்தான் அனுப்புனேன். அம்மன் பேர சொன்னா நம்பாம? மஞ்சத் துணியில வேப்பெலய முடிஞ்சி, அவ வலது மணிக்கட்டுல நீங்களே கட்டுனீங்க. ஓட்டத்துல ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டே கட்டுனீங்கன்னு அவளே அப்பறம் எங்கிட்ட சொன்னா. கட்டுன நாலாம் நாளு இங்க கார்டு வருது, வெள்ளிக்கெழம கோரிமேட்டு போலீசு கிரவுண்டுல ஓட்டம்னு. ஒங்க தம்பி கார்ட எடுத்துக்கிட்டு சைக்கிள்ல அடிச்சி புடிச்சி ஒங்க ஊருக்கு வராரு. நீங்க என்னா சொன்னீங்க? காப்பு கட்டுனவ தேரு முடியாம ஊரு எல்லய தாண்டக் கூடாதுடா, தாண்டுனா குடும்பத்துல கண்ணு போயிடும்னீங்க.

அவுரு ஒங்க வளப்பு. அக்கா சொன்னா அதுக்கு மேல பேச்சு உண்டா? தனியா திரும்பி வந்தாரு. இதோ இந்த வாசப்படியில ஒக்காந்து, அக்கா சொல்லிட்டான்னாரு. அவ்ளோதான். அந்த வெள்ளிக்கெழம எம் பொண்ணு ஒங்க வூட்டுத் தோட்டத்துல நின்னு எல்லக் கல்லயே பாத்துக்கிட்டு இருந்தாளாம். தாண்டுனா ஒரே தாண்டு. ஆனா தாண்டல. ஒங்க மேல பயம் இல்ல அவளுக்கு. எங்க ரெண்டு பேரு கண்ணு போயிடுமோன்னு பயம்.

சரி, தெய்வக் குத்தம், அவ ஒருத்திக்கு வேணாம்னு எழுதியிருக்குன்னு நானும் ஆத்திக்கிட்டேன். எதுவரைக்கும் தெரியுமா? அரிக்கு வேல கெடச்சிடுச்சின்னு நீங்க சக்கர எடுத்துகிட்டு வந்தீங்களே, அதுவரைக்கும். எனக்கு சக்கர எறங்கல. அவன் கையிலயும்தான காப்பு இருந்துது? அவனும்தான அதே எல்லைக்குள்ள இருந்தான்? அவன் எப்பிடி போயி ஓடுனான்?

ஒங்க ஊரு சின்னப்பாப்பாதான் சொன்னா, சந்தையில பாத்தப்ப. பூசாரிகிட்ட போயி ஒரே ஒரு எலுமிச்சம்பழத்த குடுத்து, காப்ப அவுத்து அம்மன் காலடியில வச்சிட்டு, புள்ளைய பஸ் ஏத்தி வுட்டீங்களாம். சாயங்காலம் வந்ததும் திரும்ப கட்டிவுட்டாராம். அவுரு எல்லாருக்கும் செய்யறதுதானாம் அது, கோர்ட்டுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரிக்குப் போறவங்கன்னு. ஒரு எலுமிச்சம்பழம் அண்ணி! எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு கூட கொண்டாந்து கொட்டியிருப்பேனே. எம் பொண்ணோட ஒரு வருஷம் ஒரு எலுமிச்சம்பழம் பெறலியா ஒங்களுக்கு?

ஆம்பளைக்கு வேற, பொம்பளைக்கு வேறயா? அம்மன்கிட்ட வந்து சொல்லுங்க அத. அவளும் பொம்பளதான்.

ஏன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் வேல வந்துட்டா, ஒங்க புள்ளைக்கு சமமா தொப்பி வச்சிகிட்டு நிப்பா. அப்பறம் ஒங்க வூட்ல சாணி தெளிக்க யாரு வருவா? மருமவ வேணும் ஒங்களுக்கு, ஆனா முதுவ காட்டிக்கிட்டு முன்னால ஓடுறவ வேணாம். கட்டிக்கிற பொண்ண கட்டிப்போட்டுட்டு அப்பறம் கேக்க வராங்க. அதுவும் பாருங்க, இந்த வருஷத்தோட அவளுக்கு வயசு வரம்பு முடியுது. பூ வைக்க ஒங்களுக்கு வேற வெள்ளிக்கெழமயே கெடைக்கல.

எது, நேரமா? ஏன் அண்ணி அந்த கடியாரத்தயே பாக்குறீங்க? அது மெதுவா ஓடும். சொல்ல மறந்துட்டேன் பாருங்க. காலையில நான்தான் முள்ள கொஞ்சம் பின்னால தள்ளி வச்சேன். அதுல பத்து அடிக்கப் போவுதுன்னா, இந்நேரம் பத்தர தாண்டியிருக்கும். ராவு காலம் வந்துடுச்சி. இனிமே பூ வைக்க முடியாது இன்னிக்கி.

மாவு மில்லா? மாவு நேத்தே அரச்சிட்டேன் அண்ணி. அவ கோரிமேட்டுல இருக்கா. இன்னிக்கிதான் இந்த வருஷத்து ஓட்டம், ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும். விடியறதுக்குள்ள கெளம்பிட்டா. ஒங்க தம்பிதான் சைக்கிள்ல ஒக்கார வச்சிகிட்டு போனாரு. ஷிப்டும் இல்ல ஒண்ணும் இல்ல, லீவு போட்டுட்டாரு. அக்காவுக்கு என்னா சொல்றதுன்னு கேட்டேன். நீயே பேசிக்கிட்டு இருன்னாரு. அதான் பேசிக்கிட்டு இருக்கேன். கிழிஞ்ச பேண்டுதான் கொடியில கெடக்கு, அவளுக்கு புதுசா ஒண்ணு தச்சேன்.

அரிக்கு எங்க டூட்டின்னு கேட்டீங்களா கெளம்பும்போது? அங்கதான். ஓட்டம் முடியற எடத்துல கயிறு புடிச்சிகிட்டு நிக்கிறான். முந்தாநாளு அவனே வந்து சொல்லிட்டுப் போனான், அத்த, தனத்த வேளையோட வரச் சொல்லுன்னு. ஆமா, ஒங்க புள்ளதான். முதுவத்தான பாத்தான் இம்மாங்காலம், இன்னிக்கி அவ அவன் மூஞ்சிக்கு நேரா ஓடி வருவா. அவன் பாக்கட்டும்.

எங்க எழுந்திரிக்கிறீங்க? ஒக்காருங்க அண்ணி, ராவு காலத்துல படி தாண்டுவாங்களா? நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க, கெளம்புன காரியம் வெளங்காதுன்னு. பன்னெண்டு வரைக்கும் இருந்து, சாப்ட்டுட்டு போங்க.

என்னா, பரிகாரமா? காலால மிதிச்சிட்டு தாண்டிப் போவறதுக்கு ஒரு எலுமிச்சம்பழமா? இல்லியே அண்ணி. வூட்ல இருந்த பழத்த எல்லாம் காலையில புழிஞ்சி, உப்பு போட்டு, பாட்டில்ல ஊத்தி, ஓடி முடிச்சதும் குடிடின்னு அவகிட்ட குடுத்தனுப்பிட்டேன்.